அக்கரைக்குப் போகும் வண்டி

வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையை வெளியே இழுத்து உற்றுப் பார்க்கிறார். நான்கு கறுப்புப் பொட்டுகள். முகம் தெளிகிறது. "நாலு சொட்டு. உடம்பு நல்லா இருக்கு. ஒண்ணுமே சொட்டலைன்னாதான் பயப்படணும், உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம்."

ஊருக்கு அவர் ஜீப்பக்கா. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, ஜீப்புக்கு நாற்பத்தொன்று. "தங்கச்சிதான். என்ன, என்னைவிட வாய் ஜாஸ்தி" என்பார், இன்ஜின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி. வாரம் இருமுறை செவிலியையும் தடுப்பூசிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, பாலமில்லாத ஆற்றைக் கடந்து, அக்கரை மேட்டிலுள்ள நாற்பது வீடுகளுக்குப் போகிறார். மற்ற வண்டிகள் கரையோடு நின்றுவிடும்.

பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றும் பழக்கம் எனக்கில்லை. இந்த ஜீப்பின் இருக்கை வெறும் பலகை. பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும். வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். கதவுகள், கியர்பெட்டி, இன்ஜினில் பாதி என்று எல்லாம் மாறிவிட்டதே, இன்னமும் இது அதே வண்டிதானா என்று ஒருமுறை கேட்டேன். எத்தனையோ புத்தகங்களைப் புரட்டியும் எனக்குத் தீராத கேள்வி அது. அவர் நட்டை முறுக்குவதை நிறுத்தவில்லை.

"உங்களுக்கும்தான் முடி கொட்டி, பல்லு கட்டியாச்சு. வேற ஆளுன்னு வீட்டுல வெளிய நிறுத்திட்டாங்களா?"

சிரிக்க நினைத்தேன். பல் தெரியுமே என்று அடக்கிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இந்த இன்ஜினில் எந்த நட்டுக்கும் ஸ்பேனர் எட்டும். செய்தவர், பின்னாளில் பழுது பார்க்கப்போகும் யாரோ ஒருவருடைய கைக்கும் இடம் விட்டுச் செய்திருக்கிறார்.

சென்ற வாரம் தகுதிச் சான்றுக்கான ஆய்வு. சான்று கிடைக்காவிட்டால் செவிலி ஆற்றில் இறங்கி நடந்துதான் போகவேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நடக்காது. ஜீப்பக்காவின் கணவர் தையல்காரர், அழுக்கைக் கண்டால் பொறுக்காதவர். மனைவிக்கு உதவியாக இருக்கட்டுமென்று அன்று காலை பானட்டைத் திறந்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி இன்ஜினைப் பளபளவென்று கழுவி வைத்துவிட்டார்.

ஆய்வாளர் வந்து நின்றார். சாவியைத் திருப்பினால் வண்டி இருமியது, முனகியது. கடைசியில் பேட்டரியும் படுத்துவிட்டது.

ஜீப்பக்கா கணவரைப் பார்த்தார். "குளிப்பாட்டினீங்களா?"

"சுத்தமா இருந்தா சார் சந்தோஷப்படுவாரேன்னு..."

"இப்ப பாருங்க, எவ்வளவு சந்தோஷமா நிக்கறாருன்னு."

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஸ்டார்ட்டே ஆகலைன்னா நான் என்னம்மா எழுதறது?"

"பத்து நிமிஷம் குடுங்க சார். அப்புறம் என்ன வேணா எழுதுங்க."

கணவரை நோக்கிக் கை நீட்டினார். பதற்றத்தில் அவர் உள்ளே ஓடி, யாருடைய சட்டைக்கோ வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து வந்து கொடுத்தார். ஜீப்பக்கா இரண்டு கிளிப்புகளை நெம்பி, தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே முத்து முத்தாக நீர். துடைத்தார். ஒவ்வொரு ஒயராக உருவிக் காயவைத்தார். ஏழாவது நிமிடம் மூடி பழையபடி உட்கார்ந்தது. பிறகு வண்டியின் முன்பக்கத் துளையில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுழற்றினார். முதல் சுற்று, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒரு தும்மல். மூன்றாவதில் தெருவே அதிர்ந்தது. தையல்காரர் கைதட்டினார்; மனைவி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஆய்வாளர் விளக்கு, பிரேக், ஸ்டியரிங் எல்லாம் பார்த்தார். அதோடு விடாமல், "ஆத்துல இறக்குங்க" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்து முழங்கால் வரை நனைந்து திரும்பினார். பானட்டின் மேலேயே தாளை விரித்து, ஓராண்டுக்குக் கையெழுத்துப் போட்டார்.

வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை. தொண்டையைச் செருமினார். "அந்த ஹேண்டிலை... நான் ஒரு தடவை சுத்திப் பாக்கட்டுமா?"

ஜீப்பக்கா இன்ஜினை அணைத்தார். ஆய்வாளர் குனிந்து, ஹேண்டிலை ஐந்து விரல்களாலும் இறுகப் பிடித்தார்.

"அப்படிப் பிடிக்காதீங்க சார். திருப்பி அடிச்சா கட்டைவிரல் எலும்பு போயிடும்."

அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவருடைய கட்டைவிரலை மெல்ல விடுவித்து, மற்ற நான்கு விரல்களின் பக்கமாகச் சேர்த்து வைத்தார்.