சத்தமா படிக்காதீங்க மிஸ்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஒரு தொழிற்சாலையின் கேட்டில் என் செல்போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கழுத்தில் விசிட்டர் அட்டை மாட்டினார்கள். கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடி, பாதி தின்ற கடலை மிட்டாய், அப்புறம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற உயிர்மெய் எழுத்து அட்டவணை.

"இது எதுக்கு மேடம்?" என்றார் செக்யூரிட்டி.

"சாட்சிக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் தமாஷாகச் சொல்லவில்லை.

மத்திகிரியில் எங்கள் தெரு மளிகைக்கடை மாடியில், மே மாதம் முழுக்க நான் குழந்தைகளுக்கு வகுப்பு எடுப்பது உங்களுக்குத் தெரியும். பத்திரிகையில் நான் எழுதுகிற இதே பக்கத்தில் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்... புதிர், ரகசியக் குறியீடு, செஸ், ஆடுபுலி ஆட்டம். காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை. இருபத்திரண்டு பிள்ளைகள். பெரும்பாலும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்.

இந்த வருடம் ஒரு புதுக் குறியீடு சொல்லிக்கொடுத்தேன். மெய்யெழுத்து எத்தனாவது, உயிரெழுத்து எத்தனாவது — இரண்டையும் நடுவில் புள்ளி வைத்து எழுத வேண்டும். 'ப்' ஒன்பதாவது, 'ஆ' இரண்டாவது. ஆகவே 'பா' என்றால் 9.2. தனி உயிருக்கு முன்னால் பூஜ்யம், தனி மெய்க்குப் பின்னால் பூஜ்யம். 'அப்பா' என்று எழுத 0.1, 9.0, 9.2. அவ்வளவுதான்.

வீட்டில் யாராவது ஒருவருக்கு இப்படிக் கடிதம் எழுதுங்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்றேன். அதோடு நிறுத்தினேனா? "உயிரே போனாலும் முறையை வெளியே சொல்லக் கூடாது. அம்மா கேட்டாலும், அப்பா கேட்டாலும், போலீஸே வந்து கேட்டாலும்" என்று ஒரு வசனம் வேறு. வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்ல?

தாரணிக்குப் பத்து வயது. இருபத்திரண்டு பேரில் அவள்தான் கெட்டிக்காரி. மற்றவர்கள் பென்சில் சீவி முடிப்பதற்குள் புதிரை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். வகுப்பு முடிந்த பிறகும் படிக்கட்டிலேயே இருப்பாள். நான் மூன்று மணிக்குக் கடைக்கு வரும்போதும் அங்கேயே இருப்பாள். என் வகுப்பின் மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவளுடைய அம்மா சுமதி என் வீட்டுக்கு வந்தார். கெலமங்கலத்துக்காரர், ரோஜாப் பண்ணையில் வேலை. மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். அவள் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"மிஸ்ஸு, இவங்க அப்பாவை வேலைக்கு வராதன்னுட்டாங்க" என்றார் சுமதி.

அப்பா முருகேசன் மதுரைப் பக்கத்துக்காரர். கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து டிக் அடிக்கிற இடம். சனிக்கிழமை காலையில், ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது பையைச் சோதித்திருக்கிறார்கள். டிபன் பாக்ஸ் மூடிக்கு அடியில் மடித்த தாள் ஒன்று. தாள் முழுக்க எண்கள். 8.2, 18.0, 14.4, 5.0... எல்லாம் புள்ளி வைத்த எண்கள். கம்பெனிக்காரர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? டிராயிங்கிலிருந்து யாரோ திருடி எழுதிய மில்லிமீட்டர் அளவுகளாகத் தெரிந்தது.

போதாததற்கு, தாளின் மறுபக்கம் கம்பெனியின் இன்ஸ்பெக்ஷன் படிவம். வீணாய்ப் போகிற தாளை மகளுக்கு ரஃப் நோட்டாக எடுத்து வருவது அவர் வழக்கம். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் படம் வரைகிறார்கள். அதைவிட மோசம், எண்களுக்குக் கீழே முருகேசனின் கையெழுத்தில் ஒரு டிக், பக்கத்தில் 'ஓகே'.

மகள் எழுதிய கணக்கு என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. கேட் பாஸை வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போது வா என்று அனுப்பிவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆளிடம் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுமதிதான் போராடி செவ்வாய்க்கிழமைக்கு ஒரு விசாரணை வாங்கியிருந்தார்.

"இது என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. அடிச்சுக்கூடக் கேட்டுட்டேன். மிஸ் சொல்லக் கூடாதுன்னாங்கன்னு ஒரே புடி."

அந்த அறை என் கன்னத்தில் விழ வேண்டியது.

"தாரணி, நான் போய் அந்த முறையைச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லலாம் மிஸ். ஆனா சத்தமா படிக்காதீங்க."

அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது சுமதி சொன்னார். "ரெண்டு மாசமா அவருக்கு நைட் ஷிப்ட்டுங்க. எங்களுக்கு ஒரே ரூமு. பகல்ல அவரு தூங்கணும், நானும் வேலைக்குப் போயிடறேன். அதுக்குத்தான் இவள உங்க கிளாஸுக்கு அனுப்புனேன். நாலு மணிக்கு முன்னால வீட்டுப் பக்கம் வராதன்னு சொல்லி வெச்சிருக்கேன். நெறைய பேரு அதுக்குத்தான மிஸ்ஸு அனுப்புறாங்க?"

அறிவை வளர்க்கிறேன், யோசிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று இந்தப் பக்கத்தில் எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் நடத்தியது யோசிக்கிற வகுப்பு அல்ல. அப்பாக்கள் தூங்குவதற்காகப் பிள்ளைகளை ஒதுக்கி வைத்த இடம். யாரையும் குற்றம் சொல்லவில்லை. விடிய விடிய நின்று வேலை செய்கிறவர் எங்கேதான் தூங்குவார்?

செவ்வாய்க்கிழமை கம்பெனியின் விசாரணை அறையில் நாங்கள் மூன்று பேர். எச்.ஆர். அதிகாரி நாற்பது வயதுக்காரர், கண்டிப்பான முகம். முருகேசன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். மேஜை மேல் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தத் தாள்.

நான் அட்டவணையை மேஜையில் விரித்து முறையைச் சொன்னேன்.

"சரி மேடம், நீங்களே படிச்சிடுங்களேன்."

"நான் படிச்சா, நானாக் கட்டிச் சொல்றேன்னு தோணும். நீங்களே படிங்க சார். மனசுக்குள்ள படிங்க. எழுதினவங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தாளை உறையிலிருந்து உருவி, பென்சிலை எடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் அட்டவணையில் விரலை ஓட்டி, கீழே எழுத்தை எழுதினார். முதலில் உதடு அசைந்தது. இரண்டாவது வரியில் அது நின்றுவிட்டது. கடைசி எழுத்தை எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். தாளை முருகேசன் பக்கம் நகர்த்தி, "உட்காருங்க" என்றார்.

அதில் இருந்தது இவ்வளவுதான்: 'அப்பா, வகுப்பு வேண்டாம். நான் வீட்டில் இருக்கட்டுமா? சத்தம் போட மாட்டேன்.'

இதை இங்கே எழுதலாமா என்று பிறகு தாரணியிடம் கேட்டேன். "எழுதுங்க மிஸ், பேப்பர்ல சத்தம் வராதுல்ல" என்றாள்.

முருகேசன் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரமா டெய்லி டிபனுக்குள்ள வெச்சிருக்கு சார். கணக்குன்னு நெனச்சுப்புட்டேன். பிள்ளை நல்லாப் போட்டிருக்கேன்னு ஓகே வேற போட்டுட்டேன்."

அப்பா கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்துதான் அவள் எழுதியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். சில விஷயங்களை அப்படித்தான் கேட்க முடிகிறது. என் வகுப்பின் கெட்டிக்கார மாணவி, நான் சொல்லிக்கொடுத்த வித்தையை வைத்து, என் வகுப்பு வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். வலித்தது. வலிக்கட்டும்.

அதிகாரி மேஜை டிராயரிலிருந்து கேட் பாஸை எடுத்து நீட்டினார். இனிமேல் கம்பெனித் தாள் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்றார். ஷிப்டை மாற்றித் தருகிறேன் என்று சொல்லவில்லை; அது அவர் கையில் இல்லையாம். எழுந்து கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டார்.

"முருகேசன்... ஓகே போட்டா போட்டதுதான். மாத்த முடியாது, தெரியும்ல?"

"தெரியும் சார்."

புதன்கிழமை தாரணி வகுப்புக்கு வரவில்லை. மனசு கேட்காமல் பதினொரு மணிக்கு அவர்கள் வீட்டுப் படியேறினேன். கதவு ஒருக்களித்திருந்தது. பாயில் முருகேசன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, தாரணி புதிர்ப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திருப்பும்போதுகூடச் சத்தம் இல்லை.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். மாடியில் இன்னும் இருபத்தொரு பேர் காத்திருந்தார்கள்.