திராட்சை டப்பா

காலை முதல் பஸ்ஸை எடுக்க வந்தவர், வழக்கம்போல் குழாயில் வாயை வைத்து ஊதினார். குடித்திருப்பவரைக் காட்டிக்கொடுக்கும் கருவி வீலென்று கத்திவிட்டது.

டிப்போ வாசலில் இருந்த அந்தக் குட்டி அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கருவியைக் கையில் பிடித்திருந்தவன் டைம் கீப்பர். ஊதியவர் அவனுக்கு அக்கா புருஷன். அவன் கருவியை இரண்டு தட்டுத் தட்டினான். தட்டினால் சரியாவதற்கு அது என்ன பழைய ரேடியோவா? சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.

“மாமா…” என்றான்.

“பழம்தான் சாப்பிட்டேன் மாப்ள. சத்தியமா பழம்தான்.”

அது பொய்யில்லை. அந்த மனுஷன் வயிற்றுக்குள் பழத்தைத் தவிர வேறெதுவும் போவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். டிப்போவில் அவருக்குப் பெயரே பழவண்டிதான். அதற்கு முந்தைய பெயர் தண்ணிவண்டி. அந்தப் பெயரை எப்படிச் சம்பாதித்தார் என்று விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் பஸ்ஸைக் கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூட மதிலில் உரசினார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. வேலை போயிற்று. மறுநாளே மனைவி தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகுதான் குடியை விட்டார். விட்டார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், விட்டுப் பார்த்தவனைக் கேட்டால் தெரியும். சாயங்காலமானால் நாக்கு வறண்டு, கால் தானாகத் தெருமுனைக்குப் போகும். அந்த நேரத்தில் இனிப்பாக ஒரு பழத்தைக் கடித்தால் தவிப்பு கொஞ்சம் அடங்கியது. சரி, சாயங்காலம் பழம். பிறகு ராத்திரிக்கும் பழம். கடைசியில் அடுப்பில் ஏறிய எதையும் தொடுவதில்லை என்று ஆகிவிட்டது. காலையில் பாதிப் பப்பாளி, மத்தியானம் சீப்பாக வாழைப்பழம், இரவில் கொய்யாவோ ஆப்பிளோ. “வெறும் பழத்த வச்சு உடம்பு ஓடாதுய்யா, பல்லு போயிடும், தெம்பு போயிடும்” என்று டாக்டர் திட்டியபிறகு ஒரு கைப்பிடி ஊறவைத்த கடலை. அவ்வளவுதான்.

கேட்க நன்றாக இருக்கிறது. கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். சமையலறையில் எந்நேரமும் கொசு மாதிரி பழ ஈ. சந்தை மூடும் நேரத்தில் போய் அடிபட்ட பழத்தைப் பெட்டியோடு தூக்கி வருவார், அழுகியதைப் பொறுக்குவது மனைவியின் தலையெழுத்து. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் இவர் ஒரு வாய் சாப்பிடமாட்டார், சமைத்தவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பஸ் ஓட்டும்போது பாதி வழியில் ஒண்ணுக்கு முட்டும். “குரங்குகூட கையில கெடச்சா ரொட்டி திங்கும்யா, நீ என்ன பிறவி?” என்று டிப்போவில் கிண்டல் பண்ணாத ஆளில்லை. பண்ணட்டும் என்று விட்டுவிட்டார். அந்தப் பழத்துக்குப் பிறகுதான் மனைவி வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்த அன்றே வாசற்படியில் நின்று சொன்னாள்: “இன்னொரு சொட்டு வாயில பட்டுதுன்னு தெரிஞ்சா அப்பவே கெளம்பிடுவேன். அழுகை, சண்டை, பேச்சு எதுவும் கெடயாது.” தம்பி போய் மேனேஜரிடம், “நான் பொறுப்பு மேடம், இனிமே அவர் தொடமாட்டார்” என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் மறுபடி ஸ்டியரிங்கைக் கையில் கொடுக்க வைத்தான்.

இப்போது அந்தத் தம்பியின் கையில்தான் சிவப்பு விளக்கு எரிகிறது.

மேனேஜர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலாம்.

“வாயைக் கொப்பளிக்கச் சொல்லு. கால் மணி நேரம் என் கண்ணு முன்னாடி உட்காரட்டும். திரும்ப ஊதட்டும். பழம்னா வாயோட போயிடும். உள்ள போனதுன்னா எங்கயும் போகாது.”

கொப்பளித்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே அவருடைய பஸ் நின்றது. முதல் டிரிப்பில் பாதிப்பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரண்டு பேர் கம்பியில் தொங்கி விளையாடினார்கள். பின்னாலிருந்து ஒரு பெரியவர், “என்னப்பா, இன்னிக்கு கெளம்புமா, இல்ல எறங்கி நடக்கவா?” என்று சத்தம் போட்டார்.

பெஞ்சில் இருந்தவர் சட்டைக் கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உண்மையிலேயே பழம்தான் என்றால் இந்த ஆள் ஏன் இப்படி வேர்த்து வழிய வேண்டும்? சொல்கிறேன்.

வெயில் காலம் தொடங்கிய சமயம். மனைவி கட்டிக்கொடுத்த திராட்சை டப்பாவை ஒரு சனிக்கிழமை லாக்கரிலேயே மறந்துவிட்டுப் போனார். அந்த லாக்கர் அறைக்குத் தகரக் கூரை, உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் டப்பாவின் மூடி உப்பியிருந்தது. திறந்ததும் புஸ்ஸென்று காற்று வந்தது. தூக்கி எறிய வேண்டியதுதானே? ஒன்றை எடுத்து வாயில் போட்டார். சுருக்கென்றது. நாக்குக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பழைய கூட்டாளியைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி அது துள்ளியது. பயந்துபோய் மிச்சத்தைக் குப்பையில் கொட்டினார். அன்றைக்கு நல்ல மனுஷன்தான்.

அடுத்த வாரம் மறுபடி மறந்தார். அதற்கடுத்த வாரமும் மறந்தார். மறதியா அது? மறதிக்கு இவ்வளவு ஞாபகசக்தி ஏது? கூரைச் சூடு நேராக இறங்கும் மேல்தட்டு, டப்பாவைச் சுற்றக் கறுப்புப் பை, லாக்கர் சாவிக்கு இடுப்பில் ஒரு கயிறு என்று மறதி நாளுக்கு நாள் கெட்டிக்காரத்தனமாக வளர்ந்தது. பழம் பழம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாட்டிலைத் தொட்டேனா? கடைப் பக்கம் போனேனா? டியூட்டி முடிந்த பிறகுதானே தின்கிறேன்? எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார், யாரும் கேட்காமலேயே.

இன்று காலை சட்டை மாற்றப் போனவர், சும்மா பார்க்கலாமே என்று ஒரு டப்பாவைத் திறந்தார். இரண்டு கைப்பிடி உள்ளே போய்விட்டது. அடியில் நின்ற சாற்றையும் டப்பாவைக் கவிழ்த்துக் குடித்தார். பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால்! பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது அவருக்கு உறைத்தது. லாக்கரில் இன்னும் ஒரு டப்பா இருந்தது. பெரியது. ரொம்ப நாளாக ஊறுவது.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். கழுத்தில் அளவெடுக்கும் டேப்போடு மனைவி ஓடி வந்தாள். எதிர்த் தெருவில் துணி தைத்துக் கொடுக்கும் கடையில் வேலை அவளுக்கு. தம்பி போன் பண்ணிவிட்டான். புத்திசாலி!

“யாரு சொன்னது குடிச்சிருக்கார்னு?” என்று உள்ளே நுழையும்போதே ஆரம்பித்தாள். “டேய், உனக்குமாடா சந்தேகம்? மேடம், நான் கூடப் படுத்து எந்திரிக்கறவ. எனக்குத் தெரியாதா? நாலு வருஷமா இந்த மனுஷன் ஒரு வாய் சூடா சாப்பிட்டதில்ல. ஊரே சிரிக்குது. அப்படிக் கட்டுப்பாடா இருக்கற ஆளப் போய் இந்தத் தகர டப்பா சொல்லுதுன்னு உக்கார வச்சிருக்கீங்களே, இது நியாயமா?”

“விதிம்மா. இன்னும் கொஞ்ச நேரம்.”

“எத்தன நேரம் வேணாலும் ஆகட்டும். என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்றேன்.”

பழவண்டி நிமிரவில்லை. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பார். இந்த நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை.

நேரம் முடிந்தது. தம்பி கருவியைத் துடைத்து நீட்டினான். இவர் ஊதினார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போனது கருவியின் கணக்குக்கு எட்டாத அளவு.

“அப்பாடா!” என்று தம்பி சுவரில் சாய்ந்தே போனான்.

மேனேஜர் அம்மாள் பஸ் சாவியை எடுத்து நீட்டினார். “தப்பா எடுத்துக்காதீங்க. காலைல பழம் சாப்பிட்டா உடனே ஊதாதீங்க. போங்க, வண்டி நிக்குது.”

தப்பித்தார்! சாவி கைக்கு வந்துவிட்டது. நாலு எட்டு வைத்தால் பஸ். அவர் முதல் எட்டை வைத்தும்விட்டார்.

“இருங்க” என்றாள் மனைவி. “இப்படியே போனா எப்படி? நாளைக்கே நாலு பேரு, ஏதோ சமாளிச்சிட்டான்னு பேசுவாங்க. மேடம், நீங்களே வந்து இவர் லாக்கரப் பாருங்க. நான் கட்டிக்குடுத்த பழத்தத் தவிர ஒரு பொருள் இருந்தா என்னக் கேளுங்க.”

“அதெல்லாம் வேணாம்மா” என்றார் மேனேஜர்.

“வேணாம், நேரமாச்சு” என்றார் இவர்.

“நீங்க சும்மா இருங்க. எப்பப் பாரு தலையக் குனிஞ்சுக்கிட்டு! லாக்கர் சாவியக் குடுங்க.”

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. வாசலில் இரண்டு டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். இடுப்புக் கயிற்றை அவிழ்க்க அவருக்கு விரல் ஒத்துழைக்கவில்லை. அவளே அவிழ்த்துக்கொண்டு லாக்கர் அறைக்கு விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் எல்லோரும் போனார்கள்.

லாக்கரில் ஒரு சட்டை, சீப்பு, துண்டு, காலையில் காலி செய்த டப்பா. “பாருங்க” என்றாள் வெற்றியோடு. மேல்தட்டில் கறுப்புப் பை இருந்தது. “இது என்னது?” என்று எடுத்தாள். பையை உருவினாள். மூடி பலூன் மாதிரி உப்பியிருந்தது. அவள் விரல் பட்டதுதான் தாமதம், பட்டென்று தெறித்தது.

அந்தச் சின்ன அறை முழுக்கச் சாராய வாடை. யாரும் மோந்துகூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவள் டப்பாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள், முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்:

“எ… என் தப்பு மேடம். அழுகினதப் போட்டுக் குடுத்திட்டேன் போல. அவருக்குப் பாவம் திங்கப் பிடிக்கல, அப்படியே வச்சிட்டார். நான்தான் பாத்துப் போட்டிருக்கணும்.”

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். குடித்துவிட்டு அவர் விழுந்து கிடந்த காலைகளில், பக்கத்து அறையிலிருந்து டிப்போவுக்குப் போன் பண்ணி, “அவருக்குக் காய்ச்சல்” என்று சொல்லும் குரல். மறுபடி அவளைப் பொய் சொல்ல வைத்தாயிற்று.

“சரி, சரி, தூக்கிப் போடுங்க” என்றார் மேனேஜர். நம்பினாரோ, நம்ப விரும்பினாரோ, முதல் டிரிப் தாமதமாகிக்கொண்டிருந்தது.

“இல்ல மேடம்” என்றார் பழவண்டி.

“மாமா, வாங்க, வண்டிய எடுங்க” என்று தம்பி அவசரமாகக் கையைப் பிடித்து இழுத்தான்.

“அவமேல தப்பில்ல. அவ குடுத்தது நல்ல பழம். புளிக்கட்டும்னு நான்தான் வச்சேன். வேணும்னேதான் வச்சேன். காலைல தின்னதும் இந்த மாதிரிதான்.”

“வாய மூடுங்க மாமா! பச்சை எரிஞ்சிடுச்சுல்ல? அப்புறம் என்ன?”

“எரிஞ்சா எரியட்டும்டா. அந்த வண்டியில புள்ளைங்க உக்காந்திருக்கு.”

பஸ் சாவியை மேனேஜர் கையில் வைத்தார். மேனேஜர் அம்மாள் அதை வாசலில் நின்ற டிரைவர் ஒருவரிடம் கொடுத்து, “நீ எடு” என்றார். இவரிடம், “வீட்டுக்குப் போங்க. கூப்பிடும்போது வரணும். வேலை இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார். தம்பி யாரையும் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பஸ் கிளம்பிப் போயிற்று. மனைவி டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தாள். தெருவோரக் குழாயில் கழுவினாள், ஒரு தடவை, இன்னொரு தடவை. அவர் கொஞ்சம் தள்ளி நின்றார். கிட்டே போகும் தைரியம் இல்லை.

“எத்தன நாளா?” என்றாள், திரும்பாமல்.

“வெயில் ஆரம்பிச்சதுலேருந்து.”

“தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணேன். அத்தன பேரு முன்னாடி.”

“ம்.”

“ஒரு சொட்டுப் பட்டாலும் கெளம்பிடுவேன்னு சொல்லியிருந்தேன்.”

“ஞாபகமிருக்கு.”

அவள் அழுதாள். சத்தமில்லாமல், கழுத்தில் கிடந்த டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதாள். நாலு வருஷமாக அழுகின பழத்தைப் பொறுக்கின கை அது. பிறகு டப்பாவை உதறிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். இவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

“கெளம்பறதா இல்லையான்னு வீடு போய்ச் சேர்றதுக்குள்ள முடிவு பண்றேன்” என்றாள். “அதுவரைக்கும் கூட நடந்துக்கிட்டே சொல்லுங்க. மொதல் டப்பாவுலேருந்து, ஒண்ணு விடாம. எதையாவது முழுங்கினீங்க, அந்த எடத்துலயே திரும்பிடுவேன்.”

அவர் எட்டி நடந்து அவளுக்குப் பக்கத்தில் வந்தார்.

“ஒரு சனிக்கெழம டப்பாவ லாக்கர்ல மறந்துட்டுப் போயிட்டேன்” என்று ஆரம்பித்தார். “அது ஒண்ணுதான் நெசமான மறதி.”