ஒரே கட்டையில் இரண்டு ஒலி

திருப்பதியில் நான் கீபோர்டு வாசித்த ஒலிப்பதிவுக் கூடம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கேசட் போய் சி.டி. வந்துகொண்டிருந்த காலம். வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் கோயில் கைங்கரியத்தில் இருந்தார்கள். எனக்கு மட்டும் வாத்தியப் பைத்தியம். அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போன அத்தை பிள்ளை, விடுமுறையில் வந்தபோது ஒரு சாஃப்ட்வேர் கொடுத்தான். அதைப் போட்டால் கம்ப்யூட்டரே வாத்தியமாகிவிடும். கட்டையை அழுத்தினால் போதும், ஒலி முழுக்க உள்ளேயே பிறக்கும். சாஃப்ட்வேர் சிந்தசைசர் என்ற பெயரை அன்றுதான் கேட்டேன்.

அதை நம்பி ஒரு பக்திப் பாடல் தொகுப்புக்கு இசையமைக்க ஒப்புக்கொண்டு, முதல் நாளே மாட்டிக்கொண்டேன். பாட்டின் அடியில் ஓட வேண்டிய பேஸ் ஒலி ஒரு தடவை நெஞ்சில் இறங்குகிற மாதிரி கனமாக வரும். அதே கட்டையை அதே அழுத்தத்தில் தொட்டால் அடுத்த தடவை சோனியாக வரும். சில சமயம் ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிட்டது போலக்கூட இருக்கும். ஒயரை மாற்றினேன், கீபோர்டையே மாற்றினேன். பாட வந்த அம்மாள் மூன்று நாள் பொறுமையாகக் காத்திருந்தார். அப்புறம், “அடியில ஓடறதே நிமிஷத்துக்கு ஒரு மாதிரி இருந்தா, நான் எதைப் பிடிச்சுண்டு பாடறது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கூடத்து முதலாளி சித்தூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார். மாம்பழக் கூழ் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த பெண். என் வயதுதான் இருக்கும். சாந்திபுரம் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம். சொந்த நிலம் இல்லாத குடும்பம், கூலி வேலை செய்து டிப்ளமா வரை படிக்க வைத்திருந்தது. லீவு நாளில் ஆம்ப்ளிஃபயர், கம்ப்யூட்டர் எல்லாம் பழுது பார்ப்பார் என்றார்கள்.

ஸ்க்ரூ டிரைவரோடு வந்தவர் எதையும் கழற்றவில்லை. அதே ஸ்வரத்தை இருபது தடவை வாசித்துப் பதிவு செய்யச் சொன்னார். பதிவானதைத் திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு ஒலியும் தொடங்குகிற இடத்தை மட்டும் பார்த்தார். இருபதும் இருபது விதம். ஒலியை எது உண்டாக்குகிறது என்று கேட்டார். இரண்டு ஆஸிலேட்டர்கள், இரண்டும் ஒரே சுருதியில் ஏறி இறங்குகிற அலைகள் என்றேன். அவர் முகம் சட்டென்று தெளிந்தது.

“எங்க ஆலையில ரெண்டு ஜெனரேட்டர் சார். ரெண்டையும் சேர்க்கறதுக்கு முன்னால நடுவுல பல்பு போட்டுப் பார்ப்போம். ரெண்டும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கிக்கினு இருந்தா பல்பு அணைஞ்சிடும். அப்பதான் சேர்க்கணும். ஒண்ணு ஏறச்சொல்ல இன்னொண்ணு இறங்கினா சேர்க்கவே கூடாது. இங்க நீங்க தொடச்சொல்லோ ரெண்டும் தன் இஷ்டத்துக்கு எங்கனா ஆரம்பிக்குது. ஃபேஸ் சரியில்ல. அந்தே, அவ்ளோதான்.”

இரண்டு அலையும் சேர்ந்து கிளம்பினால் கனம் வருகிறது. ஒன்று பாதிச் சுற்று தள்ளிக் கிளம்பினால் இரண்டின் அடி ஸ்வரமும் ஒன்றையொன்று தின்றுவிட, மேல் ஸ்தாயி மட்டும் மிஞ்சுகிறது. என் காது பொய் சொல்லவில்லை. சிந்தசைசரின் மூலையில், நான் அதுவரை கண்டுகொள்ளாத ஒரு பொத்தானை அவர் தேடிப் பிடித்தார். அதை அழுத்தினால், கட்டையைத் தொடும்போதெல்லாம் அலைகள் ஆரம்பப் புள்ளியிலிருந்தே கிளம்பும். பேஸ் தூண் மாதிரி நின்றது. கோபித்துக்கொண்டு போன அம்மாளும் திரும்பி வந்து பாடினார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த ஒலிகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வந்து எல்லாவற்றையும் போட்டுக் கேட்டார். பின்னணியில் நீளமாக இழையும் வயலின் கூட்டம் போன்ற ஒலி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்கும்போது சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருக்கிறது, ஒன்றுக்கொன்று அச்சடித்தது போலவும் இருக்கிறது, இதற்கு மட்டும் பொத்தானை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தேன். அலைகள் அதனதன் போக்கில் கிளம்பின. ஒலிக்குள் காற்று புகுந்தது. வயலினை அவர் ஒருநாளும் நேரில் கேட்டதேயில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஐந்து வயதிலிருந்து பாட்டு படித்த எனக்குப் பிடிபடாதது, மோட்டார் இரைச்சலில் வேலை செய்த அந்தக் காதுக்குப் பிடிபட்டது. அன்று மத்தியானம் முழுக்க, இரண்டாவது அலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்து, ஒலியின் குணம் எப்படி மாறுகிறதென்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், இதோ வரேன் சார் என்பார், வரமாட்டார்.

சி.டி. அட்டையில் அவர் பெயரையும் போடச் சொன்னேன். எந்தத் தலைப்பில் போடுவது என்று தயாரிப்பாளர் கேட்டார். ஒரு வார்த்தையில் எனக்கும் சொல்லத் தெரியவில்லை, நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் ‘ஒலி அமைப்பு’ என்று அவர் பெயர் என் பெயருக்கு மேலே அச்சாயிற்று. பக்கத்திலேயே போட்டிருக்கலாமே என்று அவர் கூச்சப்பட்டார்.

மறு வருஷம் பெங்களூரில், ஒலிக்கான சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிட நானும் பாடின அம்மாளும் போயிருந்தோம். யாரையும் லேசில் பாராட்டாத அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ வந்தப்புறம்தான் கீழ் ஷட்ஜத்துல பயமில்லாம நின்னேன்” என்றார். பஸ் கிளம்பியதும் அந்தப் பெண் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்.