குழி விழாத கேக்

கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் எனக்கு வேண்டியமட்டும் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான், அறிவுரை. ஊட்டியில் அப்போது நடந்து, பிறகு தானாகவே இழுத்து மூடிக்கொண்ட ஒரு கேட்டரிங் கல்லூரி அது. பழைய பங்களா ஒன்றை வாடகைக்குப் பிடித்து, முன்னால் போர்டு மாட்டி, பின்னால் இருந்த குதிரை லாயத்தைச் சமையல்கூடமாக ஆக்கியிருந்தார்கள். சுவரில் வெள்ளை ஓடு பதித்திருந்தும் மழை பெய்தால் குதிரை வாசனை வரும். அந்த வாசனைக்கு நடுவில் எங்களை வரிசையாக நிற்கவைத்துவிட்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சமையல் மேடைமேல் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவர்களுக்குத் தலைவன் போல ஒருவன் இருந்தான். கோயம்புத்தூர்க்காரன். பெங்களூரில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஆறு மாதம் பயிற்சி முடித்துவிட்டு வந்தவன். அந்த ஆறு மாதமும் அங்கே வெங்காயம்தான் உரித்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்தவனுக்குத் தமிழ் பாதி மறந்துபோயிருந்தது. வாயாலேயே வடை சுடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நிஜமான வடையை அவன் சுட்டு ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

அவன் சொன்ன அறிவுரைகளை இன்றைக்கும் என்னால் ஒப்பிக்க முடியும். ஆசிரியரை சார் என்று கூப்பிடக்கூடாது, செஃப் என்றுதான் கூப்பிட வேண்டும். தாளிக்கிறது என்ற வார்த்தையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். வீட்டில் அம்மா இப்படித்தான் செய்வாள் என்று யாராவது வாயைத் திறந்தால் அத்தோடு அவர் கதை முடிந்தது. ரெசிப்பி சீட்டில் எழுதியிருப்பதை எழுதியபடி செய்ய வேண்டும், சொந்தப் புத்தியை உபயோகிக்கக் கூடாது. இந்தக் கடைசி அறிவுரையை மட்டும் அவன் ரொம்பவும் ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தான். புத்தி இருந்தால்தானே உபயோகிக்க.

என்னைப் போன்ற பெண்களுக்குத் தனியாக ஒன்று வைத்திருந்தான். முதல் பருவம் முடியும்போது ஒரு செய்முறைத் தேர்வு வைப்பார்கள். அதில் தேறியவர்கள் கிச்சனுக்குப் போவார்கள், மற்றவர்கள் ஹவுஸ்கீப்பிங்குக்கு, அதாவது ஓட்டல் அறைகளில் மெத்தை விரித்து, குளியலறை கழுவுகிற படிப்புக்குப் போவார்கள். ஒருமுறை பிரித்துவிட்டால் பிரித்ததுதான், மாற்ற முடியாது. பெண்கள் வீணாகத் தேர்வுக்கு அலட்டிக்கொள்ளாமல் நேராக ஹவுஸ்கீப்பிங் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது, கிச்சனில் சட்டி தூக்குவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும் என்றான். என் அம்மா முதுகில் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு மழையில் வழுக்குகிற மேட்டில் ஏறிவருவதை இந்தக் குச்சிக்கால் துரை ஒருநாள் பார்த்திருக்க வேண்டும்.

எனக்குக் கிச்சன்தான் வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். ஜெகதளா பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் அப்பா ஃபேக்டரி வேலை, அம்மா கொழுந்து பறிக்கிற வேலை. சம்பள நாளில் குன்னூர் பஜாருக்குப் போனால் பேக்கரிக் கண்ணாடிக்கு முன்னால் என்னைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். சமையல் படிக்கக்கூடக் காலேஜா என்று தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். பெட்ஷீட் மடிக்கப் படித்துவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் அந்தப் பருவம் முழுக்க என்னைத் தின்றுகொண்டிருந்த கவலை.

தேர்வுக்கு உரிய பண்டம் ஒரு கேக். அதற்கு ‘கேட்டோ நீல்கிரி’ என்று பெயர். கேட்டோ என்றால் பிரெஞ்சில் கேக் என்றுதான் அர்த்தமாம். வட்டமான கேக்கின் நடுவில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் க்ரீமைக் கொட்டி, மேலே செர்ரிப் பழம் ஒன்று வைக்க வேண்டும். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் இதை எங்கள் கல்லூரியின் பெருமை என்று சொல்லிக் காட்டுவார்கள். நடுக் குழி நீலகிரியின் பள்ளத்தாக்காம், க்ரீம் மூடுபனியாம். இதைச் சொல்லும்போது அந்தக் கோயம்புத்தூரான் கண்ணை மூடிக்கொள்வான். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

எங்கள் செஃப் வெகுகாலம் கப்பலில் சமைத்தவர். ரெசிப்பி சீட்டுகள் எல்லாம் அவர் கப்பலிலிருந்து கொண்டுவந்தவை. கடல் மட்டத்துக் கணக்கை மலை உச்சியில் கொண்டுவந்து வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே காற்றழுத்தம் குறைவு. அந்தச் சீட்டில் உள்ள அளவுக்குப் பேக்கிங் பவுடர் போட்டால் கேக் மளமளவென்று பொங்கும், உள்ளே வேகுவதற்குள் பொதுக்கென்று நடுவில் அமுங்கிவிடும். என்றைக்கோ ஒருநாள் முதல்முறையாக அமுங்கியிருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் க்ரீமைக் கொட்டி அதை மறைத்திருக்கிறான். அடுத்த வருஷம் அவன் தனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறான். போகப் போக மறைக்க வேண்டிய குழி பள்ளத்தாக்காகி, பெயரும் வைத்தாகிவிட்டது. கெட்டுப்போனதைத்தான் கேட்டோ என்கிறார்களோ என்னவோ.

இந்த விஷயமெல்லாம் எனக்கும் முதலில் தெரியாது. எனக்கும் குழி விழுந்தது, நானும் க்ரீம் கொட்டினேன். ஒருநாள் பயிற்சி வகுப்பில் பொருள் வாங்குகிற வரிசையில் நான் கடைசி. என் முறை வந்தபோது பேக்கிங் பவுடர் டப்பாவைச் சுரண்டியும் சீட்டில் போட்டிருந்த அளவில் பாதிதான் தேறியது. வேறு வழியில்லாமல் அதைப் போட்டுச் செய்தேன். கேக் பொங்கியது, அப்படியே நின்றது. தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கித் திரும்ப எழுந்தது. அடுத்த வகுப்பில் வேண்டுமென்றே பாதி போட்டேன். அதேபோல வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தோஷத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அதைப் போய் அந்தக் கோயம்புத்தூரானிடம் சொன்னேன். அவன் கேக்கை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பவுடர் கிடைக்காதவள் பேசுகிற பேச்சா இது என்று சிரித்தான். குழி விழாததற்குக் காரணம் நான் மாவைச் சரியாக அடிக்காததுதானாம். கூட இருந்த கூட்டமும் சிரித்தது. சமையல் படிக்க வந்த அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அதில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை.

தேர்வு நாளில் மேடைமேல் கேக்குகளை வரிசையாக வைத்தோம். எல்லாவற்றிலும் குழி, குழி நிறைய க்ரீம், அதன்மேல் செர்ரி. என்னுடையது மட்டும் தட்டையாக, நிறைவாக, பொன்னிறமாக உட்கார்ந்திருந்தது. க்ரீமை அடித்து ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன். இதைப் பார்த்தால் செஃப்புக்குப் புரிந்துவிடும், இத்தனை வருஷம் நமக்கு இது தோன்றவில்லையே என்று ஆச்சரியப்படுவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு வயது. அந்த வயதில் அப்படித்தான் நினைப்போம்.

செஃப் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து என் கேக்குக்கு முன்னால் நின்றார்.

“குழி எங்கம்மா?”

“விழலைங்க செஃப். பவுடர பாதியாக் கொறச்சேனுங்க.”

“சீட்டுல பாதின்னா போட்டிருக்கு?”

இல்லை என்றேன். மலைக்கு இந்த அளவுதான் சரியாக வருகிறது, இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. உதவிக்கென்று நின்ற கோயம்புத்தூரான் ஒரு பெரிய கரண்டியை என் பக்கம் நீட்டினான். செஃப் சரி என்று தலையை ஆட்டினார்.

“நடுவுல தோண்டிட்டு க்ரீமைப் போட்டுக் கொண்டா. மார்க் போடறேன்.”

கரண்டி என் கைக்கு வந்துவிட்டது. தோண்டினால் கிச்சன். அரை நிமிஷ வேலை. எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை அவர்கள் பயம் என்று நினைத்திருப்பார்கள்.

“தோண்டமாட்டேனுங்க. ஒரு துண்டு தின்னு பாருங்க செஃப், அப்பறமா மார்க் போடுங்க.”

“இது பார்க்கிறதுக்கு வெச்சதும்மா, திங்கிறதுக்கு இல்லே,” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேக்குக்குப் போய்விட்டார்.

சமையல் சொல்லிக்கொடுக்கிற மனுஷன் சொன்ன வார்த்தை அது. கப்பலில் இவர் சமைத்ததைச் சாப்பிட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கிறது. சாயங்காலம் நோட்டீஸ் பலகையில் ஹவுஸ்கீப்பிங் பட்டியலில் என் பெயர் முதலாவதாக இருந்தது. கிச்சனுக்குப் போன பெண் யாரும் இல்லை. அந்தக் கோயம்புத்தூரான் பக்கத்தில் வந்து நின்று, நான் முதல் நாளே சொன்னேன் அல்லவா என்றான்.

மறுநாள் கேக்கை மூடி போட்ட ஒரு தூக்குப் போசியில் வைத்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். குன்னூரில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து, எஸ்டேட் ரோட்டில் நடந்து வீடு போய்ச் சேரும்வரை அது அமுங்கவில்லை. அப்பா ஃபேக்டரியில் இருந்தார். அம்மா அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவியிருந்தாள். ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். தின்றுவிட்டுத் தட்டை மறுபடியும் நீட்டினாள். இரண்டாவது துண்டைத் தின்னும்போதுதான் நடந்ததைச் சொன்னேன். குழி விழவில்லை, அதனால் கிச்சன் இல்லை என்றேன். கோபமாகத்தான் சொல்ல நினைத்தேன், அழுகைதான் வந்தது.

அம்மா மெல்லுவதை நிறுத்தவில்லை. விரலில் ஒட்டியிருந்ததையும் விடாமல் எடுத்துத் தின்றாள். பிறகு புறங்கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“பஞ்சாட்டம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா அவிய பெரியவிய. அடுத்த வாட்டி அவிய சொல்றாப்புல ஒரு குழியப் போட்டுக் குடுத்துரு சாமி.”

அடுத்த வாட்டி என்று ஒன்று கிடையாது என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்டேன், கொடு என்றாள். திங்கட்கிழமை காலையில் பங்களாவின் மாடி அறையில், பெட்ஷீட்டின் மூலையை மெத்தைக்கு அடியில் எப்படி மடித்துச் செருகுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.