ஊதாப் பொட்டு வைத்த முட்டை

செய்தி வந்தபோது காலை ஒன்பதேகால். கண்ணகை முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். தோணிக்காரர் தங்கராசா வேலிக்கு அப்பால் வந்து நின்று, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார். அவர் அதை அவிழ்த்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"மிசியம்மா போயிட்டா, பிள்ளை. ராத்திரி பிள்ளைப்பேறு பாத்திட்டு வந்து படுத்தவவாம். விடிய எழும்பல்ல."

கண்ணகையின் கை மட்டும் வெறும் ஈர்க்கை உருவிக்கொண்டேயிருந்தது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்கு, அரசாங்க மருத்துவிச்சியாக, ஊர் மிசியம்மா என்று அழைத்த ஞானமலர் வந்து பதினாறு வருடம். பட்டணத்து மெதடிஸ்தக் குடும்பத்துப் பெண். கலியாணம் செய்யவில்லை, சைக்கிள் வைத்திருந்தார். நீந்தத் தெரியாது. ஆகவே தோணியில் வாவியைக் கடக்கும்போதெல்லாம் சைக்கிளைக் கட்டிப்பிடித்து, கண்களை இறுக மூடி, ஞானப்பாட்டுப் பாடுவார்.

"நீங்க பாடினா மீனெல்லாம் ஓடுது, மிசியம்மா" என்பார் தங்கராசா.

"பாட்ட நிப்பாட்டினா உங்கட கழுத்தத்தான் பிடிப்பன். பரவால்லையா?"

கண்ணகை அவரை அறிந்தது ஐம்பத்தேழில். அப்போது அவளுக்கே வயது பதினேழு. மடியில் மூன்று மாதக் குழந்தை பூரணம். புருஷன் சாமித்தம்பி வாவியில் வீச்சுவலை வீசுகிறவன். அந்தப் பக்கத்து வழக்கப்படி அவன்தான் பெண்வீட்டுக்குக் குடிவந்திருந்தான். வந்த மருமகனின் முகம் கோணக்கூடாது என்பதற்காகவே கண்ணகையின் தாய் சீதேவிப்பிள்ளை உயிர் வாழ்ந்தாள். கோழி இட்ட முட்டை மருமகனுக்கு. மீனின் நடுத்துண்டும் மருமகனுக்கு. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் மகளுக்கு, முட்டை பொரித்த சட்டியில் பிரட்டிய சோறு. மணம் இருக்கும்.

மிசியம்மா மாதம் ஒருமுறை வருவார். மாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, அந்தந்த வீட்டுத் துணியை ஏணைபோலக் கட்டி, குழந்தையைக் கிடத்தி நிறுப்பார். ஆவணியில் பூரணம் பத்து இறாத்தல். புரட்டாதியிலும் பத்து.

"பிள்ளை ஏறல்லயே, கண்ணகை. நீ என்ன திண்ணுறாய்?"

"சோறு."

"சோத்தோட?"

கண்ணகை யோசித்துப் பார்த்தாள். "தண்ணி."

"இஞ்ச பார். அடுத்த மாசமும் பத்தெண்டா பிள்ளைய அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவன்."

பக்கத்து வளவுக் குழந்தை ஒன்று அப்படித்தான் அக்கரைக்குப் போய், முகம் மூடிய துணியோடு திரும்பி வந்திருந்தது. பூரணம் போகக்கூடாது. அதற்குத் தராசின் முள் பத்தைத் தாண்டவேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு மத்தியானம், புருஷன் குறட்டை விடும்போது, வீச்சுவலையின் ஓரத்தில் கோத்திருந்த ஈயக்குண்டுகளில் இருபதைக் கழற்றினாள். நிறுக்கும் துணியின் மடிப்பில் வைத்துத் தைத்தாள்.

அன்று முதல் வலையின் ஒரு பக்கம் தாழவில்லை. மீன்கள் அந்தப் பக்கத்தால் போயின. ஈயத்தைக் களவெடுத்தது அடுத்த வளவு வினாயகமூர்த்திதான் என்று சாமித்தம்பி முடிவுகட்டினான். எடுத்தவனே கொண்டுவந்து வைக்கட்டும் என்று, காத்தான்குடிக்குப் போய்ப் புது ஈயம் வாங்க மறுத்துவிட்டான். மருமகன் வாடிப்போனாரே என்று சீதேவிப்பிள்ளை ஒரு முட்டை பொரித்த இடத்தில் இரண்டு பொரித்தாள். மீன் வராததால் கண்ணகைக்குக் குழம்பும் நின்றது. குழந்தை இன்னும் மெலிந்தது.

ஐப்பசியில் தராசு பதினொன்றரை காட்டியது.

மிசியம்மா முள்ளைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, துணியை மற்றக் கையால் தூக்கினார்.

"துணி நல்லா ஏறியிரிக்கு, கண்ணகை. துணிக்கு என்ன குடுக்கிறாய்?"

மடிப்பைப் பிரித்ததும் ஈயக்குண்டுகள் முற்றமெங்கும் உருண்டன. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சாமித்தம்பி பாய்ந்து வந்தான்.

"என்ட ஈயம்! ஐயோ, மூணு கிழமையா வினாயகமூர்த்தியோட கதைபேச்சில்லையே நான்!"

மிசியம்மா சிரிக்கவில்லை. கண்ணகை அழுவதைப் பார்த்து அவளுடைய தலையைத் தடவினார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது. பிறகு வீட்டில் இருந்த முட்டைகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தில் தீக்குச்சியைத் தோய்த்து, ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பொட்டு வைத்தார்.

"இது இனி முட்டையில்ல, மருந்து. பால் குடுக்கிறவளுக்கு நாளைக்கு ஒண்டு."

"மருமகனுக்கு ஒண்டு குடுத்தா என்ன, மிசியம்மா?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"குடுக்கலாம். பால் சுரக்கும்."

"ஆருக்கு?"

"அவருக்குத்தான்."

சாமித்தம்பி தன்னையறியாமல் இரண்டு கைகளாலும் மார்பை மூடிக்கொண்டான்.

ஈயம் வலைக்குத் திரும்பியது, மீனும் வந்தது. ஆறாம் மாதத்திலிருந்து பூரணத்துக்குப் பருப்பும் மீனும் மசித்த குழைசோறு. தை பிறந்தபோது, துணியை மூன்றுதரம் உதறிக் காட்டிய பிறகு, பதின்மூன்று இறாத்தல்.

"மெய்யாவே சுரக்குமா, மிசியம்மா?" என்று ஒருநாள் துறையடியில் வைத்துக் கேட்டாள் கண்ணகை.

"ஆருக்குத் தெரியும்? சுரந்தா உடனே சொல்லு. மேலிடத்துக்கு எழுதவேணும்."

மிசியம்மாவுக்கோ முட்டை தின்றால் உடம்பெல்லாம் தடிப்பு எழும்பிவிடும்.

போன வருடம் பூரணம் பெரியபிள்ளையானாள். சடங்கு முடியும்வரை ஒவ்வொரு காலையும் பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுத்தங்களி. முடிந்த மறுநாள் பழைய சோறு. மிசியம்மா வந்து கண்ணகையைப் பிடித்துக்கொண்டார்.

"சடங்கு முடிஞ்சா பிள்ளை வளர்றதும் முடிஞ்சிதா? நீயுமா இப்பிடி, கண்ணகை?"

அன்றே தீக்குச்சி மறுபடி வெளியே வந்தது. சாமித்தம்பிக்கு இந்தப் பதின்மூன்று வருடத்தில் சங்கதி விளங்கியிருந்தது. ஆனாலும் தின்று பார்க்கத் துணியவில்லை.

நேற்றுப் பின்னேரமும் மிசியம்மா வந்திருந்தார். ஓலைப்பெட்டியை மடியில் வைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த ஊரிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு ஆள் ஓடி வந்தது. குச்சியைப் பெட்டியின் ஓரத்தில் செருகிவிட்டு எழுந்தார்.

"மிச்சத்த வந்து வைக்கிறன். ஒருத்தரும் தொடப்படா."

பெட்டியில் பன்னிரண்டு முட்டைகள். ஏழில் பொட்டு இருந்தது. ஐந்தில் இல்லை.