இரண்டாவது மேசை பிடித்திருந்த கோப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த எங்கள் சரக்குக் கந்தோருக்கு ஒரு கம்பியூட்டர் வந்தது. திரைகள் மூன்று: முகாமையாளருக்கு ஒன்று, கொழும்பில் படித்துவிட்டு வந்த இளைஞருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கப்பல் சரக்கு விவரமெல்லாம் ஒரே கோப்பில் இருந்தது. ஒருவர் அதைத் திறந்தால், மூடும்வரை மற்றவருக்குத் திறக்காது.

இளைஞர் எழுதிய புரோகிராம், கோப்பில் ஒரு வெற்று வரி வந்தாலே இடறி நின்றுவிடும். கோப்பு திறந்தபடி கிடக்கும். அவரோ குடையைக் கதிரையில் மாட்டிவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவார். என் பட்டியல் பிந்தும். நான் வீடு திரும்ப இருக்கும், மூதூருக்குப் போகும் கடைசி லாஞ்சும் போய்விடும்.

“மூடிப்போட்டுப் போங்கோ, தம்பி.”

“அது தானா மூடும், அக்கா. உங்களுக்கு மெசின் பழக்கமில்லை.”

இதையே முகாமையாளரிடமும் சொல்லி வைத்தார். அவர் நம்பினார்.

“இன்னொருக்காப் பிந்தினா, மிஸ், கிட்டங்கிக்குத்தான் அனுப்புவன். மூட்டை எண்ண மெசின் தேவையில்லை.”

இளைஞர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்க விரும்பவும் இல்லை.

அவருடைய புரோகிராமைத் திருத்த இரண்டு வரிகள் போதும்: வெற்று வரியைத் தாண்டிப் போ, எங்கே இடறினாலும் கோப்பை மூடிவிட்டு வெளியேறு. நான் அதைத் தொடவில்லை. பட்டியல் எடுக்க நான் எழுதி வைத்திருந்த புரோகிராமைத்தான் திருத்தினேன். கோப்பு திறந்ததா என்று அது முதலில் பார்க்கும். திறக்காவிட்டால், யார் பிடித்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் திரையில் எழுதும்.

பிறகு காத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை, கப்பல் ஏஜென்ட் பக்கத்தில் நிற்க, முகாமையாளர் தானே என் புரோகிராமை ஓட்டினார். ‘கோப்பு திறக்கவில்லை. பிடித்திருப்பது இரண்டாவது மேசை.’ எழுந்து வந்து பார்த்தார். குடை மட்டும் தொங்கியது.

“எங்க மிஸ் இவர்?”

“எனக்கென்ன தெரியும், ஐயா? மெசின் பழக்கமில்லாத ஆள்தானே.”

கிட்டங்கிக்குப் போனது இளைஞர். போகுமுன் என் மேசைக்கு வந்தார்.

“அக்கா, அதில என்ன பிழை எண்டு சொல்லுங்கோவன். திருத்திக் காட்டினா ஐயா விடுவார்.”

“தானா மூடும் எண்டீங்களே, தம்பி. பாத்துக்கொண்டு இருங்கோ.”

அவர் படியிறங்கியதும் அந்த இரண்டு வரிகளையும் அவருடைய புரோகிராமில் எழுதினேன். என் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதன்பிறகு கோப்பு ஒழுங்காக மூடியது. நான் யாரிடமும் சொல்லவில்லை.