படத்தில் நான் சேர்த்த தங்கை

நல்லூரில் இருபது வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எனக்குப் பேர் வாங்கித் தந்தது, படத்தில் இல்லாதவர்களைச் சேர்க்கும் வேலை. எங்கள் ஊரில் எந்த விசேஷத்திலும் ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார், இல்லாவிட்டால் செத்துப்போயிருப்பார். ஆல்பத்தில் அவர்களும் நிற்க வேண்டும். பழைய படம் ஒன்றைத் தருவார்கள். நான் முகத்தை வெட்டி எடுத்து, வேட்டி உடுத்தி, நிழலும் போட்டுப் பக்கத்தில் நிறுத்திவிடுவேன். யாரும் இதைப் பொய் என்று சொன்னதில்லை. நானும் நினைத்ததில்லை.

போன புயலின் வெள்ளத்துக்குப் பிறகு ஒருவன் வந்தான். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் நிவாரணப் பணியாளர் அட்டை. கூடவே கரையோர முகாமிலிருந்து ஒரு பெண். முப்பது வயது இருக்கும். புருஷன் விட்டுப் போய்விட்டான், இரண்டு பிள்ளைகள், வீடு வெள்ளத்தோடு போய்விட்டது. இதெல்லாம் அவள் சொல்லவில்லை. அவள் முன்னாலேயே, தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டி, மாட்டுக்குச் சுழி சொல்வது போல அவன்தான் சொன்னான்.

"அண்ணை, இவவின்ரை ஒண்டுவிட்ட அக்கா வீட்டுச் சாமத்தியச் சடங்குப் படம் இது. அண்டைக்கு இவ வரேல்லை. ஒருக்காச் சேர்த்து விடுங்கோ."

படத்தில் இருந்தது வசதியான குடும்பம். நடுவில் ஓர் அம்மா, முகம் ஊதிப்போய் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் பூச்சாடி நின்ற இடத்தைக் காட்டினான். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூடியோவில் கிடந்த பச்சைச் சேலையை அவளுக்கு உடுத்தக் கொடுத்தேன். "சிரியுங்கோ தங்கச்சி, சொந்தக்காரர் வீட்டிலை நிக்கிற மாதிரி" என்று வேறு சொன்னேன். இப்போது நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

வேலை நன்றாக அமைந்தது. அந்தப் பெருமையில், பூச்சாடி நிற்கிற படத்தையும் அவள் நிற்கிற படத்தையும் அருகருகே வைத்து, கடைக்கு வருபவர்கள் பார்க்கிற சாம்பிள் ஆல்பத்தில் சேர்த்துவிட்டேன்.

மாம்பழக் காலத்தில் அவள் தனியாக வந்தாள். ஒரு கையால் இடுப்பை அழுத்திப் பிடித்தபடி, கதிரையில் மெல்ல மெல்ல உட்கார்ந்தாள்.

"அண்ணை, எனக்கு அக்கா எண்டு ஒருத்தரும் இல்லை. அந்தப் படத்து அம்மாவை ஆஸ்பத்திரியிலைதான் முதல்முதல் கண்டனான்."

தெற்கே ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்து அந்த அம்மாவுக்கு வைத்திருக்கிறார்கள். கல்வீடு கட்டித் தருவதாகச் சொல்லித்தான் அவன் கூட்டிப்போனான். காயம் ஆற முன்னமே பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டான். வீட்டைக் கேட்டால், "சொந்தக்கார அக்காவுக்குக் குடுத்திட்டு ஆரும் வீடு கேக்கிறதோ?" என்கிறானாம். சொந்தக்காரி என்று அவன் ஆஸ்பத்திரியில் காட்டியதும், இப்போது எல்லோருக்கும் காட்டுவதும் என்னுடைய படத்தைத்தான்.

வெள்ளம் வடிய முன்னமே முகாமுக்குள் புகுந்து, எந்தப் பெண்ணுக்குக் கேட்க நாதியில்லை என்று பார்த்துப் பொறுக்கிய நாய் அவன். அந்த நாய்க்கு ஏற்றபடி அவளுக்குச் சேலை உடுத்தி நிறுத்தியவன் நான்.

"பூச்சாடி நிக்கிற பழைய படம் இருக்கோ அண்ணை? அதைக் காட்டினால் பொலிஸ் நம்பும்."

"அதை எப்பவோ அழிச்சுப்போட்டன், தங்கச்சி."

பொய். கள்ளப்படம் செய்தவன் என்று என்னையும் உள்ளே போட்டுவிடுவார்கள் என்ற பயம். அவள் மேசையில் கிடந்த சாம்பிள் ஆல்பத்தைச் சும்மா புரட்டினாள். நான் அதைப் பறிக்க எழும்ப முன்னமே அந்தப் பக்கம் வந்துவிட்டது. பச்சைச் சேலையில் சிரிக்கிற தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவாத்தான் செய்திருக்கிறியள்" என்றாள். குரலில் ஏளனம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பக்கத்தைக் கழற்றித் தன் பைக்குள் வைத்தாள்.

"நாளைக்குக் காலமை பொலிசுக்குப் போறன். இது நீங்கள் செய்ததெண்டு வந்து சொன்னால் போதும். வருவியளோ அண்ணை?"

"ஓம், வாறன்" என்றேன்.

மறுநாள் நீர்வேலியில் ஒரு கல்யாணம். எப்போதோ ஒப்புக்கொண்ட வேலை, விட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். கைபேசி இரண்டு தரம் அடித்தது. எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் தமையன் கனடாவில் இருக்கிறார், வர முடியவில்லை. குடும்பப் படம் எடுக்கும்போது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்று எல்லோரையும் நகர்த்தி, ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத்தான் எடுத்தேன்.